மெட்ரோ வாட்டர் பாக்கி: முதலில் அட்டையைப் பிரித்துப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர், மார்ச் மாதக் கடைசியில் வடசென்னையின் எந்தக் குடிநீர் டெப்போ வாசலில் நின்றாலும் ஒரே கேள்விதான் காதில் விழும்: "பைப்புல தண்ணியே ஒழுங்கா வர்றதில்ல, இருபதாயிரம் பாக்கின்னு எப்படி சார் வரும்?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றால் இதற்கு விடை கிடைக்காது. சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்குத் தண்ணீர் மீட்டரே கிடையாது. அடிபம்பில் நாலு குடம் அடித்தாலும் நாற்பது குடம் அடித்தாலும் பில் ஒன்றுதான். எனவே எதிர்பாராமல் வந்து நிற்கும் பாக்கி, பெரும்பாலும் காகிதத்தில் பிறந்த பாக்கி. அதைக் காகிதத்தில்தான் தீர்க்க முடியும். அது எப்படி என்பதை உங்கள் வாசகர்களுக்காக விளக்கவே இக்கடிதம்.

மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தின் பில் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் மூன்று தொகைகளின் கூட்டு. முதலாவது வரி. மாநகராட்சி உங்கள் கட்டடத்துக்குக் குறித்திருக்கும் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம், ஆண்டுக்கு இரண்டு தவணையாக. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஆண்டு மதிப்பு ₹12,000 என்றால் வருடத்துக்கு ₹840, அரையாண்டுக்கு ₹420. இரண்டாவது கட்டணம். இது ஆண்டு மதிப்பைப் பார்க்காது. ஒரு குடியிருப்புக்கு மாதம் இவ்வளவு என்று தலைக்கணக்கு. மூன்றாவது, இரண்டையும் உரிய காலத்தில் கட்டாததற்கு மாதாமாதம் ஏறிக்கொண்டே போகும் சர்சார்ஜ்.

இந்த இரண்டாவதில்தான் நம் பக்கத்து வீடுகள் மாட்டிக்கொள்கின்றன. பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் தெருக்களில் ஒரே வாசலுக்குள் நாலு போர்ஷன், ஆறு போர்ஷன் இருப்பது சாதாரணம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று கட்டணத்தை மாதம் ₹100 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு போர்ஷனுக்கு அரையாண்டுக்கு ₹600, நாலு போர்ஷனுக்கு ₹2,400. மேலே சொன்ன ₹420 வரியோடு சேர்த்தால் ₹2,820. ஐந்து வருடம் கட்டாமல் விட்டால் பத்து அரையாண்டு. சர்சார்ஜ் சேராமலே ₹28,200. இப்போது அந்த வீட்டில் இரண்டு போர்ஷனை இடித்து ஒன்றாக்கிவிட்டு, பிள்ளைகள் மட்டுமே குடியிருக்கிறார்கள் என்று வையுங்கள். குடிநீர் வரி அட்டையில் நாலு என்றே இருந்தால், ஆள் இல்லாத வீட்டுக்கும் தொகை ஏறிக்கொண்டே இருக்கும். மேல்முறையீடு, மனு என்று போகிறவர்கள் பெரும்பாலும் "வரி அதிகம்" என்று எழுதுகிறார்கள். அங்கே வரி ₹420தான். குறைக்க வேண்டியது எண்ணிக்கையை. ஆய்வுக்கு வருகிறவர் கண்ணில் முதலில் படுவது இ.பி. மீட்டர் போர்டு என்பதையும் மறக்க வேண்டாம். ஒரே சமையல்கட்டு ஆன பிறகும் நாலு மீட்டர் தொங்கினால், நாலு குடும்பம் இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் மேல் விழும்.

அடுத்தது கடை. வாசலில் ஒரு தையல் கடையோ ஜெராக்ஸ் கடையோ இருந்த காலத்தில் கட்டடம் பகுதி வணிகம் என்று பதிவாகியிருக்கும். கடையைக் காலி செய்து ஷட்டரை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பி ஐந்து வருடம் ஆனாலும், எழுதிக் கொடுக்காதவரை பதிவேட்டில் கடை நடந்துகொண்டுதான் இருக்கும். இதில் பலர் செய்யும் தவறு, நேராகக் குடிநீர் டெப்போவுக்குப் போவது. ஆண்டு மதிப்பை முடிவு செய்வது மாநகராட்சி. குடிநீர் வாரியம் அதை எடுத்துக்கொள்ளும் இடம்தான். ஆகவே முதலில் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் பயன்பாட்டு மாற்றத்துக்கு மனு கொடுத்து, ஆய்வு முடிந்து, திருத்திய சொத்து வரி ஆணையை வாங்குங்கள். அதன் நகலோடு வாரியத்தின் பகுதி அலுவலகத்துக்குப் போனால் பேச்சு சுருக்கமாக முடியும். வரிசையை மாற்றினால் இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் பந்தாக உருள வேண்டியதுதான்.

2022இல் நடந்த சொத்து வரிச் சீராய்வையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய மாநகராட்சி எல்லைக்குள் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம் என்று உயர்ந்தது. 2011இல் சேர்ந்த பகுதிகளுக்கு, அதாவது நம் திசையில் திருவொற்றியூர், மணலி, மாதவரம், கத்திவாக்கம் போன்றவற்றுக்கு, அதே அளவுகளில் 25, 50, 75, 100. 600 சதுர அடிக்குள் இருக்க வேண்டிய வீடு மாடிப்படியையும் வராண்டாவையும் சேர்த்து 640 என்று பதிவாகியிருந்தால் ஒரு படி மேலே ஏறிவிடும். டேப் எடுத்து அளந்து பாருங்கள். கத்திவாக்கத்து வீட்டுக்குத் தண்டையார்பேட்டைக் கணக்கில் உயர்த்தியிருக்கிறார்களா என்பதையும் ஒரு கண் பார்த்துவிடுவது நல்லது.

திருவொற்றியூர், மாதவரம் பக்கம் இன்னொரு குழப்பம் இன்றும் தீரவில்லை. நகராட்சி இருந்த காலத்தில் எல்லாவற்றையும் ஒரே கவுண்டரில் கட்டிப் பழகியவர்கள், மாநகராட்சிச் சொத்து வரி ரசீதை வைத்துக்கொண்டு குடிநீர் வரியும் கட்டியாயிற்று என்று நினைத்திருக்கிறார்கள். சொத்து வரி வேறு, குடிநீர் வரி வேறு. எண்ணும் வேறு, ரசீதும் வேறு.

வீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்துவிட்டோம், சுத்தமாக இருக்கிறது என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். வில்லங்கச் சான்றில் குடிநீர் வரி பாக்கி வராது, இ.பி. பாக்கியும் வராது. விற்பவரிடம் குடிநீர் வரி நுகர்வோர் எண்ணைக் கேட்டு வாங்கி, வாரியத்தின் இணையதளத்தில் போட்டால் பாக்கி அந்த நிமிடமே தெரிந்துவிடும். இருக்கும் தொகையை விலையில் கழித்துக்கொண்டு, கிரயத்தன்றே கட்டி, ரசீதைப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். கிரயம் முடிந்த பிறகு பழைய உரிமையாளரைத் தேடிக்கொண்டு மீஞ்சூர் வரை போய் வந்தவர்கள் எத்தனையோ பேர். பெயர் மாற்றத்துக்குக் கிரயப் பத்திர நகல், புதிய பெயரில் சொத்து வரி ரசீது, கடைசிக் குடிநீர் வரி ரசீது, அடையாள அட்டை நகல் போதும். பரம்பரை வீடு என்றால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் சேரும்.

சரி, பாக்கி வந்துவிட்டது. என்ன செய்வது? முதல் நாளே கட்டிவிடாதீர்கள். முதல் நாளே சண்டைக்கும் போகாதீர்கள். பாக்கியை அரையாண்டு வாரியாகப் பிரித்துக் கேளுங்கள். எந்த அரையாண்டுக்கு வரி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு, எத்தனை குடியிருப்பு, சர்சார்ஜ் எவ்வளவு. வெள்ளைத் தாளில் நான்கு வரி எழுதினால் போதும்; மேலே நுகர்வோர் எண்ணும், கீழே கைபேசி எண்ணும் கண்டிப்பாக இருக்கட்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத மனு, கொடுக்காத மனுதான். மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை காலை 10 மணி முதல் பகல் 1 மணி வரை பகுதி அலுவலகங்களில் திறந்தவெளிக் குறைகேட்புக் கூட்டம் நடக்கிறது. சாதாரண நாளில் "ஆபீசர் ஃபீல்டுக்குப் போயிருக்கார்" என்று கேட்டுத் திரும்புகிறவர்கள் அன்றைக்குப் போனால் ஆள் இருப்பார். தண்ணீர் வராத, கலங்கலாக வருகிற புகாருக்கு 1916. அந்த எண்ணில் புகார் எண் தருவார்கள், குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பிரித்துத் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. ₹10 கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினால் 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். "ஏன் இவ்வளவு பில்?" என்று எழுதாதீர்கள்; ஏன் என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் கிடைக்காது. "இந்த எண்ணுக்குரிய கேட்புப் பதிவேட்டின் (கட்ட வேண்டிய தொகையைக் குறிக்கும் பதிவேடு) நகல், இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை" என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

பிரித்துப் பார்த்த பிறகு பழைய ரசீதுகளோடு ஒவ்வொரு அரையாண்டையும் ஒட்டிப் பாருங்கள். கைபேசிச் செயலியில் கட்டிய பணம் எண்ணில் ஒரு இலக்கம் தவறி அடுத்த வீட்டுக் கணக்கில் வரவாகியிருப்பதும் உண்டு. பணம் வங்கியில் கழிந்து, வாரியத்தில் ஏறாமல் நடுவில் நிற்பதும் உண்டு. இரண்டுக்கும் வங்கிப் பரிவர்த்தனை எண்தான் சாட்சி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் மட்டும் போதாது. கைபேசி மாறினால் அதுவும் போய்விடும். ஒரு பிரிண்ட் எடுத்து அட்டையோடு சொருகிவிடுங்கள்.

மீதம் உண்மையான பாக்கி என்று தெரிந்தால், ஒரே தொகையாகக் கட்ட முடியாதென்றால், எத்தனை தவணையில் எவ்வளவு என்று நீங்களே ஒரு கணக்கு எழுதி மனுவாகக் கொடுங்கள். கையில் இருப்பதைக் கட்டத் தொடங்குங்கள். ஒவ்வொரு ரசீதிலும் எந்த அரையாண்டுக்கு வரவு என்பதைப் பார்த்துவிட்டு நகருங்கள். துண்டிப்பு நோட்டீஸ் வந்த பிறகு பேசுவதைவிட இது எவ்வளவோ மேல். தண்ணீர் இணைப்பைத் துண்டித்தாலாவது லாரித் தண்ணீரில் சமாளிக்கலாம். கழிவுநீர் இணைப்பை அடைத்துவிட்டால் வீட்டில் இருக்கவே முடியாது.

இந்த இடத்தில் நம் பகுதிக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு: தண்டல், அதாவது தினமும் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டும் கடன். பாக்கியைக் கட்ட ₹10,000 தண்டல் எடுத்தால் கைக்கு வருவது வழக்கமாக ₹8,500. நாளைக்கு ₹100 வீதம் 100 நாள். ₹1,500தானே வட்டி என்று தோன்றும். ஆனால் அந்த ₹8,500 முழுசாக 100 நாளும் உங்களிடம் இருப்பதில்லை. தினமும் குறைந்துகொண்டே போகிறது. சராசரியாகக் கையில் நிற்பது பாதி, அதாவது ₹4,250. மூன்றேகால் மாதத்துக்கு அதன் மேல் ₹1,500 என்றால் ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். மெட்ரோ வாட்டர் சர்சார்ஜ் இதன் பக்கத்தில்கூட வராது. தவிர்க்கவே முடியாதென்றால் வங்கியில் நகைக்கடன் வையுங்கள். வரி பாக்கிக்குத் தண்டல் வேண்டாம்.

வாடகைக்கு இருப்பவர்கள் நிலை வேறு. மாதம் ₹150, ₹200 என்று "தண்ணி காசு" வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுகிறார்கள்; அது வாரியத்துக்குப் போகிறதா என்று கேட்பதில்லை. கேட்க உரிமை இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் தண்ணீர்க் காசு எதற்கு, வரியா, மோட்டார் கரண்ட்டா, லாரியா என்று ஒரு வரி எழுதிக்கொண்டால் பின்னால் வாய்த்தகராறு வராது. வாடகைத் தகராறில் தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்துவதைத் தமிழ்நாடு வாடகைச் சட்டம் தடுக்கிறது. 2017இல் இயற்றியது, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை அதிகாரியிடம் முறையிடலாம்.

இனி, தண்ணீரால் உண்மையிலேயே ஏறும் ஒரு பில் உண்டு. அது மெட்ரோ வாட்டரில் வருவதில்லை, இ.பி.யில் வருகிறது. 1 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 1 யூனிட். தினம் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடினால் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். 2022 செப்டம்பர் கட்டணப்படி 460 யூனிட்டுக்கு பில் ₹1,485. 520 யூனிட்டுக்கு ₹2,110. அதாவது அந்த 60 யூனிட்டுக்கு ₹625, யூனிட்டுக்குப் பத்து ரூபாய்க்கு மேல். காரணம், 500ஐத் தாண்டியவுடன் 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்குக் கிடைத்த குறைந்த விலை போய்விடுகிறது. அதில் மட்டுமே ₹225 இழப்பு. 2024இல் வீட்டுக் கட்டணம் மேலும் ஏறியது. பொது மோட்டாருக்குத் தனி மீட்டர் உள்ள கட்டடங்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும்: 10 வீடுகளுக்கு மேற்படாத, மூன்று மாடிக்கு மேற்படாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களின் பொதுப் பயன்பாட்டுக் கட்டணத்தை 2023இல் ₹8.15இலிருந்து ₹5.50ஆகக் குறைத்தார்கள். தகுதி இருந்தும் பழைய கட்டணத்தில் கட்டுகிறீர்களா என்று பில்லைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987.

மோட்டார் ஏன் அதிகம் ஓடுகிறது? முன்பு 25 நிமிடத்தில் நிறைந்த டேங்க் இப்போது 50 நிமிடம் எடுக்கிறதென்றால் முதல் சந்தேகம் சம்ப்புக்குள் தொங்கும் ஃபுட் வால்வு, அதாவது உறிஞ்சிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் அடி வால்வு. மோட்டாரை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து, தண்ணீர் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். விளிம்பு வரை தண்ணீர் நின்றால் வால்வு நன்றாக இருக்கிறது. இறங்கிப்போயிருந்தால் வால்வின் தோல் வாஷரில் மணலோ சணல் நூலோ மாட்டியிருக்கும். கழற்றிக் கழுவினாலே பாதி நேரம் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் வாஷரை மட்டும் மாற்றுங்கள். மோட்டாரை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

ஒழுகலைக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போதும். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மாடி டேங்கில் தண்ணீர் நிற்கும் மட்டத்தைக் குச்சியில் குறித்து, விடியற்காலை மறுபடி அளந்து பாருங்கள். 1,000 லிட்டர் டேங்கின் குறுக்களவு சுமார் ஒரு மீட்டர், ஒரு செ.மீ. இறங்கினால் 8 லிட்டர் போயிருக்கிறது. 6 அடிக்கு 5 அடி சம்ப்பில் ஓர் அங்குலம் என்பது 70 லிட்டர். டேங்க் இறங்கியிருந்தால் குற்றவாளி பெரும்பாலும் ஃப்ளஷ் டேங்க். அதில் நாலு சொட்டு நீலம் விட்டு இருபது நிமிடம் யாரும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓவர்ஃப்ளோ குழாய்க்குள் வழியாமலே கோப்பையில் நீலம் தெரிந்தால் அடி வாஷர் போய்விட்டது. தண்ணீர் அந்தக் குழாய்க்குள் வழிந்துகொண்டே இருந்தால் மிதவை சரியாக மூடவில்லை. தண்ணீர் நடுவிலுள்ள ஓவர்ஃப்ளோ குழாய்க்கு ஓர் அங்குலம் கீழே நிற்கும்படி அதன் திருகைச் சரிசெய்யுங்கள்.

தெருக்குழாய் லைனில் நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சுவது சட்டப்படி தவறு என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் நிறுத்துவதில்லை. அதனால் என்ன ஆகிறது என்பதைச் சொன்னாலாவது பயன் இருக்கலாம். உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் வெளிமண்ணைவிடக் குறைந்துவிடும். துருப்பிடித்த ஜி.ஐ. (இரும்பு) பைப்பின் ஊசித்துளை வழியாக, பக்கத்தில் ஓடும் சாக்கடை நீர் உள்ளே வரும். காலையில் முதல் ஐந்து குடம் நாறுகிறது, பிறகு தெளிகிறது என்றால் இதுதான் காரணமாக இருக்கும். வீட்டு இணைப்பு பைப் முப்பது வருடப் பழசென்றால், மெயின் லைனிலிருந்து வாசல் வரை மாற்ற டெப்போவில் அனுமதி வாங்குங்கள். நீங்களாகத் தெருவைத் தோண்டினால் அதற்குத் தனி அபராதம்.

கடைசியாகக் குடிநீர் வாரியத்துக்கு ஒரு கோரிக்கை, உங்கள் பத்திரிகை வழியாக. பாக்கித் தொகையை ஒரே எண்ணாக அச்சடிப்பதை விட்டுவிட்டு, குடியிருப்பு எண்ணிக்கை, பயன்பாட்டு வகை, பாக்கி தொடங்கிய அரையாண்டு இந்த மூன்றையும் தமிழில் பில்லிலேயே போடுங்கள். போர்ஷன் குறைந்தது, கடை மூடியது போன்ற திருத்த மனுக்களை ஏப்ரலிலும் அக்டோபரிலும் ஒரு வாரம் டெப்போவிலேயே வாங்குங்கள். மண்டல அலுவலகத்துக்கும் பகுதி அலுவலகத்துக்கும் இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு அலைய முடியாதவர்கள்தான் இந்தப் பக்கம் அதிகம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81.